கெடாரில் கொடுத்துவைத்த தொப்பி

பனமலை ஏரிக்கரையில், எல்லார் முன்னாலும், சேகர் என் தலையிலிருந்த காக்கித் தொப்பியைக் கழற்றினான். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினான். நாலாக மடித்துச் சொருகியிருந்த செய்தித்தாளை வெளியே இழுத்து, மற்றவர்கள் பார்க்கும்படி தூக்கிக் காட்டினான்.

"அண்ணா, இது உங்க தொப்பி இல்லியே" என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான். எத்தனையோ தீயை, புகையை ஏய்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். ஒரு தையல்காரனை ஏய்க்க முடியவில்லை.

சேகரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் கல்யாண பேண்டு செட்டுகளுக்குச் சரிகை வைத்த சட்டையும் குஞ்சம் வைத்த தொப்பியும் தைக்கிறவன். டேப்பை எடுக்காமலே ஒருவர் தலையின் அளவைச் சொல்லிவிடுவான். அவனும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். தொப்பி என்றால் உயிரை விடுகிறவர்களுக்கான குழு. கேட்டால் சிரிப்பீர்கள். என் மனைவி சரோஜா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆரம்பித்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் எதிரில். ஓய்வு பெற்ற பிறகு தலை வெறுமையாக இருப்பதைத் தாங்க முடியாமல் பாண்டிச்சேரி போய் ஒரு கம்பளித் தொப்பி வாங்கினேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டு நின்றது. ஓட்டிவந்த பெண் தலையில் ரிப்பன் கட்டிய பெரிய ஓலைத் தொப்பி. ஆட்டோ நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "எங்க வாங்கனீங்கண்ணா?" என்று கேட்டாள். அவள்தான் ஒலக்கூர் ரோஸ்லின். அவளும் என் ஊர்க்காரிதான் என்று அப்புறம் தெரிந்தது.

மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். முதலில் என் தொப்பி உசத்தி, உன் தொப்பி உசத்தி என்று பீற்றிக்கொண்டிருந்தோம். ரோஸ்லினுக்கு அது அலுத்துப்போய் ஒரு விதி போட்டாள். இனிமேல் ஒவ்வொருவரும் தன் பிழைப்பைச் சொல்லும் தொப்பியைக் கொண்டுவர வேண்டும், அந்தப் பிழைப்பைப் பற்றிப் பேச வேண்டும். அவள் முறை வந்தபோது, தொப்பி போடாமல் போன ஒரு நாள் வாடிக்கைக்காரர்கள் யாரும் அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தாத கதையைச் சொன்னாள். கோதண்டம் என்று அரசு அலுவலக கிளார்க் ஒருவர் இருக்கிறார். வாரம் முழுக்க அவர் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அகல விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிரிக்கெட் அம்பயராகப் போய்விடுவார். அங்கே அவர் விரலைத் தூக்கினால் தூக்கினதுதான்.

அன்றைக்குப் பனமலையில் என் முறை. சேகர் கையில் என் வண்டவாளம்.

"எங்க ஆபீசர் தொப்பிப்பா" என்றேன். "அவருக்குப் பெரிய தலை."

"அப்போ உங்களுது?"

"கெடார் பக்கத்துல ஒரு வீட்ல இருக்குது."

மேலே சொல்லாமல் அவர்கள் விடுவார்களா? சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடவிட்டார்கள், ஏறவிட்டார்கள், கயிற்றில் முடிச்சுப் போடவிட்டார்கள். சோறு அளவில்லாமல் போட்டார்கள். கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்த உடம்பு அங்கேதான் சதை பிடித்தது. தொழிலை நான் கற்றது அங்கே அல்ல, தணிகாசலம் சாரிடம்.

தணிகாசலம் சார் எங்கள் நிலைய அலுவலர். மனுஷன் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும். சாதாரணமாக "டேய் ஏழுமலை" என்பார். நான் கயிற்றைச் சிக்கலாகச் சுற்றி வைத்துவிட்டால், "வாங்க ஏழுமலை சார், உக்காருங்க சார், இந்தக் கயித்த இப்டித்தான் சுத்துவீங்களா சார்?" என்பார். அவர் என்னை மறுபடி டேய் போட்டுக் கூப்பிடும் வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வட்டாரத்தில் தீயைவிடக் கிணறுதான் எங்களுக்கு அதிக வேலை கொடுக்கும். மாடு விழும், ஆடு விழும், குடித்துவிட்டு மனிதன் விழுவான். இறங்கும் முன் காக்கித் தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வோம். கழற்றின தொப்பியை மற்ற இடங்களில் வண்டிக்குள் வீசுவார்கள். சார் வீச விடமாட்டார். அதை அந்த வீட்டு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். வேறு எந்த நிலையத்திலும் நான் பார்த்ததில்லை, எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். கிணற்று மேட்டில் மாரடித்துக்கொண்டு அழுகிறவர்களை அவர் கண்டுகொள்ள மாட்டார். அவர்களைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். அழாமல், சத்தம் போடாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் அடுத்ததாகக் குதிக்கப் போகிறவர். அவர் எதிரில் போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, தொப்பியை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். "இது கவர்மெண்ட் தொப்பி. கீழ வைக்கக் கூடாது. நான் வந்து வாங்கிக்கிறேன்." இவ்வளவுதான். அழாதே, தைரியமாக இரு என்றெல்லாம் சொல்லக் கூடாது. கையில் ஒரு பொறுப்பு இருந்தால் கால் நிற்கும் என்பார் சார். அவர் சொன்னபடிதான் நடந்தது. நான் பார்க்க ஒருவர்கூடத் தொப்பியோடு குதித்ததில்லை.

இதில் கூத்தும் நடக்கும். ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பசுவைத் தூக்கப் போனோம். அதன் சொந்தக்காரரிடம் தொப்பியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பசுவோடு மேலே வந்து பார்த்தால் மனுஷன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விரட்டி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கிறார். திருப்பி வாங்க நான் பட்ட பாடு பசுவைத் தூக்கினதைவிடப் பெரிய பாடு.

நல்லபடியாக முடிந்தால் அப்படிக் கேட்டு வாங்கிவிடலாம். நல்லபடியாக முடியவில்லை என்றால் சார் இன்னொரு விதி வைத்திருந்தார். போய்க் கேட்கக் கூடாது. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம், என் தொப்பியைக் கொடுங்கள் என்று கை நீட்டுவது மனிதன் செய்கிற காரியம் அல்ல. அவர்களாகக் கொடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அன்றைக்கே யாராவது கொண்டுவந்து தந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் கருமாதி முடிந்து, தொப்பியோடு ஒரு கட்டு பனங்கிழங்கும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்தார். கொடுத்துவிட்டு வெகுநேரம் எங்களோடு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

கெடார் பக்கத்துக் கிணறு விஷயம் அப்படி முடியவில்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வயலிலேயே காயும் கோடை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் முருகேசன் என்பவர் ஆயில் இன்ஜினைக் கயிறு கட்டி உள்ளே இறக்கி, பாதிக் கிணற்றில் இருந்த பாறைத் திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க இறங்கியவர் அந்தத் திட்டிலேயே சரிந்துவிட்டார். அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பி சங்கரும் சில படிகளுக்கு மேலே, சுவரில் சாய்ந்தபடி மயங்கிவிட்டார். புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கிடந்திருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இரண்டு பேர் இறங்குவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சார் அவர்களிடம் போய், "தயவு பண்ணி எறங்காதீங்க சார், ஒங்களையும் சேத்துத் தூக்க எங்ககிட்ட ஆள் இல்லீங்க சார்" என்றார். அந்த மரியாதையைக் கேட்டதுமே அவர் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேப்பங்கிளைகளை வெட்டிக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கச் சொன்னார். நான் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டேன். அப்போது சார் மோவாயால் ஒரு பக்கம் காட்டினார்.

முருகேசனின் மனைவி அஞ்சலை. தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள், இரண்டு கையும் சேறு. அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டிருந்தாள். அந்தச் சொருகலைப் பார்த்தால் போதும், என்ன முடிவில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். நான் அவள் எதிரில் போய்க் கைகளை நீட்டச் சொன்னேன். சேற்றுக் கை என்று தயங்கினாள். பரவாயில்லை என்று தொப்பியை வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே போனதும் முதலில் தம்பி. மார்பில் கை வைத்துப் பார்த்தேன், மூச்சு இருந்தது. அண்ணனையும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவரிடம் மூச்சு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருக்கிற உயிரை முதலில் ஏற்று என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். சங்கருக்கு நாற்காலி முடிச்சு போட்டேன். உட்கார்ந்தபடியே ஆளை மேலே தூக்குகிற முடிச்சு அது. கயிறு ஏறத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது கிணற்று விளிம்பில் அஞ்சலையின் முகம் தெரிந்தது. மேலே வருவது தன் கணவன் இல்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசனை விட்டுவிட்டு அவர் தம்பிக்குக் கயிறு கட்டினேன் என்பதையும் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷ வேலையில் எனக்கு மறக்காத முகம் அதுதான்.

அடுத்து முருகேசனை ஏற்றினோம். ஆம்புலன்சில் வந்தவர்கள் எவ்வளவோ முயன்றார்கள். பலிக்கவில்லை.

நான் மேலே வந்து முகமூடியைக் கழற்றினபோது அஞ்சலை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தொப்பி இரண்டு கையிலும் அப்படியே இருந்தது. யாரோ தோளைப் பிடித்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். தொப்பியோடேயே ஏறினாள். ஓர் அடி எடுத்துவைத்தவன் சாரின் விதி ஞாபகம் வந்து நின்றுவிட்டேன்.

நிலையத்துக்குத் திரும்பினதும் சார் தன் பெட்டியிலிருந்து இன்னொரு தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அது புருவம் வரைக்கும் இறங்கியது. அவரே செய்தித்தாளை மடித்து உள்ளே சொருகிக் கொடுத்தார். அடுத்த சீருடை வந்ததும் நான் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "அந்தம்மாகிட்ட இருக்கிறது வர்ற வரைக்கும் இத வச்சிருடா" என்றார்.

அது வரவில்லை. சார் ஓய்வு பெற்றார், மகளோடு ஆற்காட்டுக்குப் போனார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். கெடார் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கினதில்லை. விதி ஒரு காரணம். நிஜமான காரணம் பயம். தம்பியை முதலில் தூக்கினவன் தொப்பியை எதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று அவள் ஆத்திரத்தில் வைத்திருக்கிறாள், இல்லையென்றால் என்றைக்கோ தூக்கி எறிந்திருப்பாள் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஏரிக்கரையில் இதைச் சொல்லி முடித்தபோது ரோஸ்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டம்தான் முதலில் பேசினார்.

"ஏழுமலை சார், எங்க ஆட்டத்துல ஒரு பழக்கம். பந்து போட வர்றவன் தொப்பிய அம்பயர்கிட்ட குடுத்துட்டுப் போவான். நான் வச்சினு நிப்பேன். ஓவர் முடிஞ்சா அவன் வந்து வாங்கிக்குவான்."

"சரி."

"என்னிக்காவது ஒருத்தன் வாங்காம மறந்து போனான்னு வையுங்க. நான் ஓடிப்போய்க் குடுக்க மாட்டேன். கீழயும் போட மாட்டேன். வருவான்னு வச்சினு இருப்பேன். குடுத்தவன் வந்து வாங்கணும் சார், அதான் முறை." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். "அந்தம்மாகிட்ட நீங்க இன்னா சொல்லிட்டு எறங்கனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். நான் வந்து வாங்கிக்கிறேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் கொடுப்பாள் என்று நான் காத்திருந்தேன். நான் வருவேன் என்று அவள் காத்திருந்தால்?

ரோஸ்லின் ஏற்கனவே எழுந்து ஆட்டோவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். "ஏறுங்கண்ணா. போற வழிதானே."

ஆறியிருக்கிற புண்ணைக் கிளறப் போகிறோமோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஓலைத் தொப்பி, அம்பயர் தொப்பி, சரிகை வைத்த பேண்டு தொப்பி, செய்தித்தாள் சொருகின காக்கித் தொப்பி என்று நாலு தலைகளோடு ஒரு ஷேர் ஆட்டோ போனால் ஊர் வேடிக்கை பார்க்காதா? தேர்தல் பிரச்சாரமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த முருகேசன் வீட்டு வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். அதைக் காலால் தள்ளி விட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். நாற்காலி முடிச்சில் உட்கார்த்தி மேலே ஏற்றின சங்கர். தலை பாதி நரைத்திருந்தது. அவர் உயிரோடு, வெயிலில், மல்லாட்டை தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் காக்கித் தொப்பியைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அண்ணி, தொப்பிக்காரரு வந்துட்டாரு" என்றார்.

அஞ்சலை வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள். நான் போய்விடலாம் என்று திரும்பினேன், சேகர் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பி வந்தபோது தொப்பி இரண்டு கையிலும் இருந்தது, அன்றைக்குப் பிடித்திருந்த மாதிரியே. வெளுத்துப்போயிருந்தது. ஆனால் சேறு இல்லை, கறை இல்லை. விளிம்பு பிய்ந்த இடத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. சேகர் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தான், ஒன்றும் குறை சொல்லவில்லை.

"வருஷா வருஷம் பொங்கலுக்குத் தொவைச்சி வைப்பேன் சார்" என்றாள். "டேசன்ல குடுத்துட்டு வந்துர்றேன்னு இவரு எத்தினியோ வாட்டி கேட்டாரு. வாணாம், வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கிறாரு, வருவாருன்னேன். கீழ வைக்கவே இல்ல."

நான் மன்னிப்பு மாதிரி என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். கிணறு, தம்பி, முதலில் தூக்கினது என்று வார்த்தை குழறியது. அவள் அதற்குச் சங்கரைத் திரும்பிப் பார்த்தாள். "இவரையாவது குடுத்தீங்களே" என்றாள். பிறகு தொப்பியை நீட்டினாள். நான் வாங்கின பிறகும் ஒரு நொடி அவள் கை அதைவிட்டு எடுபடவில்லை.

"இதோ வர்றேன்னு சொல்லிட்டுக் கெணத்துல எறங்கனவரு வரல. வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போன நீங்களும் வரல. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்தீங்களே சார்."

அப்போதுதான் அழுதாள். கிணற்று மேட்டில் அழாத அழுகை. ரோஸ்லின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று நான் ரோஸ்லினுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. மல்லாட்டை வேகவைத்துக் கொடுத்தார்கள், தின்று முடிக்க வெகுநேரம் ஆனது. அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோதண்டத்தின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டாள். அவர் கிரிக்கெட்டை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்துவிட்டார், பாவம் அவள்.

வீட்டுக்கு வந்ததும் சாருக்கு ஃபோன் போட்டேன். வயசாகிவிட்டது, காது மந்தம், முட்டி வலி வேறு. எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். என் தொப்பி வந்துவிட்டது, உங்கள் தொப்பியை ஆற்காட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீ ஒண்ணும் வராதடா ஏழுமலை" என்றார். "அந்தம்மாவ நானும் ஒரு தடவ பாக்கணும். கால் கொஞ்சம் சரியாவட்டும். நானே வந்து வாங்கிக்கிறேன்."

என் தொப்பி இப்போது என் தலையில் இருக்கிறது, காகிதம் சொருகாமலே சரியாகப் பொருந்துகிறது. சாருடையதைத் துவைத்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். வீடு பெருக்கும்போது சரோஜா அதை எடுத்துத் தரையில் வைக்கப் போனாள். கீழ வைக்காத என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.